என் பெயரில் ஒரு கடை

மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? துணி பிழிந்தாலே வீங்கிக்கொள்ளும் உன் மணிக்கட்டு இப்போது எப்படி?

இந்தக் குக்கர் கேஸ்கட் பிடிக்காமல் திருப்பி அனுப்புகிறேன் என்று நினைத்துவிடாதே. கேஸ்கட் நன்றாகத்தான் இருக்கிறது. உனக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. உன் அண்ணன் பிரித்துப் பார்க்காத உறை எனக்கு வேறு கிடைக்கவில்லை. உன் போனை அவர் தினமும் பார்ப்பார். வீட்டுக்கு வரும் தபாலையும் பார்ப்பார். கடைக்குத் திரும்பி வரும் சாமானை மட்டும் தொட மாட்டார் என்று கணக்குப் போட்டேன். தோற்றுப்போன எதையும் அவர் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை.

போன வாரம் வருமான வரி அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. நான் ஆன்லைனில் கடை நடத்துகிறேனாம். பழைய குக்கர், மிக்ஸி, மின்விசிறிகளுக்கு உதிரி பாகம் விற்கிறேனாம். ஐந்து வருடமாக நல்ல வருமானமாம், அதை மறைத்துவிட்டேனாம். ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். கல்லூரி நூலகத்தில் புத்தக முதுகில் எண் ஒட்டுகிறவளுக்கு என்ன சம்பளம் என்று உனக்குத் தெரியும். அதில் கை வைத்தால் இந்த மாடி அறைக்கு வாடகை கொடுக்க முடியாது. இந்த அறை போனால் நான் போய் நிற்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது. அந்த வாசலை நான் இன்னொரு முறை மிதிக்க மாட்டேன்.

நோட்டீஸில் கடையின் பெயர் இருந்தது. தேடிப் பிடித்து, கூட வேலை பார்க்கும் தோழியின் பெயரில் ஒரு கேஸ்கட் வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் செய்தித்தாள். நான்காக மடித்து, ஓரத்தை உள்ளே செருகி, புடவை மடிப்பு மாதிரி விரலால் நீவி விட்டிருந்தது. சாமான் சுற்றுகிற தாளுக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிற கை எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. கடை அந்த வீட்டில் இருக்கிறது. நோட்டீஸ் இந்த அறைக்கு வந்திருக்கிறது. உன் அண்ணனுக்கே தெரியாத முகவரி இது.

தோழியின் பெயரில் இன்னொரு கேஸ்கட்டுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். பதிலை அதற்குள் வை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் அண்ணனும் நானும். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? புத்தகம் கையில் இருந்தால் உங்களுக்குப் பசி தெரியாது.

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு அரசாங்க உத்தியோகம், அதோடு தனியாக வியாபாரம் செய்யக் கூடாது. அதனால் உங்கள் பெயரில் ஆரம்பித்தார். கேஸ் இணைப்பை மாற்ற வேண்டும் என்று உங்களிடம் ஒரு கையெழுத்து வாங்கினாரே, அது கேஸுக்கு இல்லை. விற்ற பணம் கல்யாணமான புதிதில் உங்களுக்குத் திறந்த பாங்க் கணக்குக்குப் போகும். அதன் கார்டு அண்ணன் சட்டைப்பையில் இருக்கிறது.

உங்கள் புத்தக அறைதான் இப்போது கிடங்கு. நாவல்கள் இருந்த தட்டில் குக்கர் விசில். அகராதி இருந்த இடத்தில் மிக்ஸி பிளேடு. ஜன்னலோரம் கேஸ்கட்டுகளை வளையல் மாதிரி கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். கம்பெனிக்காரர்களே செய்வதை நிறுத்திவிட்ட மாடல்களுக்கு எங்களிடம் மட்டும்தான் சாமான் கிடைக்கும், அதனால் ஆர்டர் ஓய்வதில்லை. கட்டுவது, ஒட்டுவது, ஆப்பில் ஏற்றுவது எல்லாம் நான். கூலி என்று ஒருமுறை கேட்டேன். "சாப்பாடு போடறேன்ல?" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

என்னை இன்னும் ஆமை என்றுதான் கூப்பிடுகிறார். போன வாரம் அலுவலக நண்பர்கள் வந்திருந்தபோது, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்வாங்க. எங்க வீட்டுல ஆமை இருக்கு. அமீனாதான் பாக்கி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

நான் எழுதியது அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு அப்படியே வேலைக்குப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 24

அன்புள்ள குட்டிக்கு,

நலம். தலையைத் துவட்டிக்கொண்டுதான் போகிறேன். மணிக்கட்டைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு கணக்கு என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் வீட்டை விட்டு வந்து நான்கு வருடம். கடை ஆரம்பித்து ஐந்து வருடம். அப்படியானால், சொந்தக்காரர்கள் கூடியிருந்த கூடத்தில் உன் அண்ணன் என்னைக் காட்டி, "இவளுக்குப் பத்துக் காசு சம்பாதிக்கத் துப்பில்லை, என் தலைமேல உக்காந்து தின்னுக்கிட்டிருக்கா" என்று சொன்னாரே, அன்றைக்கு அவர் சட்டைப்பையில் இருந்தது என் பெயரில் வந்த பணம். அவர் ஒரு கையால் என் பெயரை விற்றுக்கொண்டே இன்னொரு கையால் என்னைச் சுட்டிக் காட்டியிருக்கிறார். நான் அன்று அழுதேன். அந்த அழுகையை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

வரி அலுவலகத்துக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மாள்தான் அதிகாரி.

"கடை யார் பேர்ல?"

"என் பேர்ல. ஆனா நடத்தறது என் வீட்டுக்காரர்."

"அவர் பேர்ல இருந்தா அவரைத்தாம்மா கூப்பிட்டிருப்போம்."

அப்புறம் கொஞ்சம் இரங்கி, பொறுமையாகச் சொன்னார். வீட்டில் கிடந்த பழைய நாற்காலியை ஒருமுறை விற்றால் யாரும் கேட்கப்போவதில்லை. லாபத்துக்காக வாங்கி வாங்கி விற்றால் அது வியாபாரம். அதைப் பக்க வருமானம் என்று சொல்லிக்கொண்டாலும், போனிலேயே நடந்தாலும், வருமானத்தில் காட்டியாக வேண்டும். ஆனால் விற்ற தொகை முழுவதும் வருமானம் ஆகாது. சாமான் வாங்கின விலை, பெட்டி, டேப், பார்சல் கூலி, ஆப்காரர்கள் பிடித்துக்கொள்ளும் கமிஷன் எல்லாம் போக மிஞ்சுவதற்குத்தான் வரி. அதற்கு ரசீது வேண்டும். இல்லாவிட்டால் செலவு என்று நான் சொல்வதை அவர்கள் நம்ப வேண்டியதில்லை.

எனக்கு இரண்டு வழி. கடை என்னுடையதல்ல, கையெழுத்தை ஏமாற்றி வாங்கினார் என்று எழுதிக் கொடுக்கலாம். விசாரணை வரும், அவர் வேலை போகும். அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அதை நினைத்துப் பார்த்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கசந்துவிட்டது. வேலை போனால் அவர் பரிதாபத்துக்குரியவர் ஆகிவிடுவார். அன்று கூடத்தில் சிரித்தவர்கள் எல்லாம் அவருக்காக உச்சுக் கொட்டுவார்கள். அந்தச் சுகத்தை நான் அவருக்குத் தர மாட்டேன். அவர் வேலையில் இருக்கட்டும். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்ற நிலையில் இருக்கட்டும்.

ஆகவே கடை என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டேன்.

சாமான் வாங்கின ரசீதுகள் எங்கே இருக்கும், குட்டி? உன்னால் முடிந்தால் மட்டும். பயமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலம். தங்கள் நலம் அறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

ரசீது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்?

உங்கள் தோழி வாங்கி வாங்கித் திருப்பி அனுப்புவதை அண்ணன் கவனித்துவிட்டார். "இந்தப் பொம்பளைகிட்ட குக்கர்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்றார். இருக்கிறது, ஆனால் அளவு தெரியவில்லை போலிருக்கிறது என்று சொல்லி வைத்தேன். "அதுவும் உன்ன மாதிரிதான் போல" என்றார்.

பபிள் ஷீட் தீர்ந்துவிட்டது. அதனால் இந்த முறை கேஸ்கட்டைப் பெரிய பெட்டியில் வைத்து, கையில் கிடைத்த தாளைக் கசக்கி அடைத்திருக்கிறேன். பெட்டி கொஞ்சம் கனமாக இருக்கும். தப்பாக நினைக்க வேண்டாம்.

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 29

அன்புள்ள குட்டிக்கு,

நலம். தண்ணீர் குடிக்கிறேன். உன் மணிக்கட்டு?

நீ கசக்கி அடைத்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, மேசை மேல் துணி விரித்து இஸ்திரி போட்டேன். ஐந்து வருடத்து ரசீதுகள். சூடு பட்டதும் மை மணம் எழும்பி அறை முழுக்க ஒரு ஹார்டுவேர் கடை மாதிரி ஆகிவிட்டது. என் புடவைகளுக்குக்கூட நான் அவ்வளவு அக்கறையாக இஸ்திரி போட்டதில்லை.

எல்லா ரசீதும் கடையின் பெயரில், உரிமையாளர் என்று என் பெயர் போட்டு இருக்கிறது. உன் அண்ணன் எவ்வளவு ஜாக்கிரதையான மனிதர் பார்த்தாயா? தன் பெயர் ஒரு துண்டுத் தாளில்கூட வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஜாக்கிரதைக்கு ஒரு விளைவு உண்டு. என் புத்தக அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு விசிலும் என்னுடையது. ஜன்னலோரம் தொங்கும் ஒவ்வொரு கேஸ்கட்டும் என்னுடையது. சாமானை எடுக்கும்போது கையும் களவுமாகப் பிடித்தாலும் அவரால் "இது என் சொத்து" என்று கத்த முடியாது.

அதிகாரி அம்மாள் ரசீதுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வரியைப் பாதிக்கும் கீழே குறைத்துக் கொடுத்தார். தாமதத்துக்கு அபராதம் உண்டு, தவணையில் கட்டலாம். கடைசியாக ஒன்று கேட்டார்.

"பார்சல் கட்ட ஆள் இருக்கா? கூலி குடுத்திருந்தா அதையும் கழிக்கலாம்."

"ஆள் இருக்கு. கூலி குடுக்கலை."

"குடுக்காத கூலியை எப்படிம்மா கழிக்கிறது?"

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே நடந்து வந்தது.

இன்னும் பாங்குப் பக்கம் நான் போகவில்லை. போனேனென்றால் அவருக்குத் தெரிந்துவிடும். சாமானை எப்படி எடுப்பது என்று முதலில் யோசிக்க வேண்டும். நீ ஒன்றும் செய்யாதே. உன்னை மாட்டிவிட்டு எனக்கு ஒரு வெற்றியும் வேண்டாம்.

என் முகவரி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டிருந்தேன். அதற்கும் நீ பதில் எழுதவில்லை.

அன்புடன்,
அண்ணி


மே 18

அன்புள்ள குட்டிக்கு,

நான் நலம் என்று எழுதுவதற்கு உட்கார இடம் தேட வேண்டியிருந்தது. கட்டில் மேல் மிக்ஸி ஜார். கட்டிலுக்கு அடியில் மின்விசிறி ரெகுலேட்டர். கதவைத் திறந்தால் குக்கர் கைப்பிடிகள் சரிந்து காலில் விழுகின்றன.

மே மாதம் பிறந்ததிலிருந்து தினமும் பார்சல். கடிதம் இல்லை, ஒரு வரி இல்லை. நான்காக மடித்த செய்தித்தாள் மட்டும். வீட்டுக்கார அம்மாள் மாடிப்படியில் என்னை மறித்து, "ஏம்மா, கடை ஏதாவது வெக்கப் போறியா?" என்று கேட்டார். "ஏற்கெனவே வெச்சாச்சும்மா, எனக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சுது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நல்லவேளை.

நீ செய்துகொண்டிருப்பது எனக்குப் புரிகிறது. அவர் கண் முன்னாலேயே கட்டி, அவர் கண் முன்னாலேயே பார்சல்காரரிடம் கொடுத்து, வீட்டையே காலி செய்துகொண்டிருக்கிறாய். ஒன்றும் செய்யாதே என்றுதானே எழுதியிருந்தேன்? இதைச் செய்யும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லையா உனக்கு? எனக்கு ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் அடித்துக்கொள்கிறது. பயத்தில் என்று நினைத்தேன். சந்தோஷமும் அப்படித்தான் அடிக்கும் போலிருக்கிறது.

நாளை மறுநாள் பாங்குக்குப் போகிறேன். அதற்குள் நிறுத்திக்கொள். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 2

அன்புள்ள மனைவிக்கு ஆசிகள்.

நலம். நீயும் நலமாகவே இருப்பாய். உன் முகவரியை நூலகத்தில் விசாரித்து வாங்கினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நமது கடையின் பாங்க் கார்டு வேலை செய்யவில்லை. ஆப்பும் திறக்கவில்லை, உரிமையாளர் போன் எண்ணை மாற்றிவிட்டார் என்கிறது. மாதம் முழுக்க நாள் தவறாமல் மூட்டை மூட்டையாகப் பார்சல் போனது, வியாபாரம் சூடு பிடித்துவிட்டது என்று நானே சந்தோஷப்பட்டேன். மாதக் கடைசியில் பார்சல் பில் மூன்று மடங்கு, விற்பனை பாதிகூட இல்லை. அலமாரி துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. எல்லாம் உன் வேலை என்று புரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

தங்கையை நான் குறை சொல்லவில்லை. அந்த ஆமைக்கு என்ன தெரியும்? யாரோ விலாசம் கொடுத்தார்கள், ஒட்டி அனுப்பிவிட்டது. அந்த அப்பாவியை நீ பயன்படுத்தியதுதான் எனக்கு வருத்தம். அதற்கு ஆறுதலாக ஒரு புடவை வாங்கிக் கொடுத்தேன்.

உனக்கு வியாபாரம் தெரியாது. வரி என்றால் என்னவென்று தெரியாது. மாட்டிக்கொள்வாய். ஆகவே சாமானைத் திருப்பி அனுப்பிவிட்டு, கார்டும் போன் எண்ணும் பழையபடி ஆவதற்கு இத்துடன் இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பழையபடி பேசாமல் இரு. உனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் கணவன்


ஜூன் 6

மதிப்புக்குரிய கணவருக்கு,

வணக்கம். நான் நலம். தங்கள் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்ளவும். இந்தக் கடிதத்தைப் படிப்பதற்கு முன் ஒன்று போட்டுக்கொண்டால் நல்லது.

தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் "நமது கடை" என்று எழுதியிருந்தீர்கள். அது எழுத்துப் பிழையாக இருக்கும். தங்கள் துறையில் இருப்பவர்களுக்குக் கடை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கடை என்னுடையது. ஐந்து வருட வருமானத்தையும் கணக்குக் காட்டி, அபராதத்துடன் முதல் தவணையைக் கட்டிவிட்டேன். தாங்கள் எடுக்காமல் கணக்கில் விட்டு வைத்திருந்த பணமே அதற்குப் போதுமானதாக இருந்தது. அந்த வகையில் தங்களுக்கு நன்றிக்கடன்பட்டிருக்கிறேன்.

இத்தனை வருடம் என் பெயரில் யாரோ பணம் எடுத்திருப்பதாகப் பாங்கில் சொன்னார்கள். யார் என்று புகார் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நான் மெதுவாக யோசிக்கிறவள் என்று தங்களுக்கே தெரியும். தாங்கள் ஓய்வு பெறும்வரைகூட ஆகலாம்.

தாங்கள் அனுப்பிய தாள் இத்துடன் திரும்ப வருகிறது, கையெழுத்து இல்லாமல். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, எதற்காவது உதவும்.

பணிவுடன்,
தங்கள் மனைவி


ஜூலை 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? இந்தக் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்திருப்பார். கேஸ்கட்டுக்குள் வைத்து அனுப்ப வேண்டிய அவசியம் இனி இல்லை. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் இருக்கிறேன். கட்டில் குறுகல், ஆனால் கதவுக்கு உள்தாழ் இருக்கிறது. மணிக்கட்டு வலிக்கிறது, அண்ணி. ஐந்து வருடமாக வலிக்கிறது. எழுதினால் நீங்கள் வேலையை நிறுத்தச் சொல்வீர்கள். நிறுத்துகிற நேரம் அப்போது வரவில்லை.

நீங்கள் இரண்டு முறை கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உங்கள் முகவரியைக் கொடுத்தது நான்தான்.

போன வருடம் ஒன்று நடந்தது. தினமும் பார்சல் எடுக்க ஒருவர் வருவார். மனைவியை இழந்தவர். அதிகம் பேச மாட்டார். பெட்டி கனமாக இருந்தால் நான் தூக்குவதற்கு முன்னால் வந்து தூக்கிக்கொள்வார், அவ்வளவுதான். ஒருநாள் அண்ணனிடம் வந்து, என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பம் என்று மரியாதையாகக் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவளுக்கு மூளை கொஞ்சம் மந்தங்க. சொன்ன வேலையைச் செய்வா, அவ்வளவுதான். கல்யாணமெல்லாம் அவளுக்குத் தாங்காது."

டேப்பை இழுத்தால் சத்தம் கேட்கும். பாதி இழுத்த டேப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அடுத்த வாரத்திலிருந்து வேறொருவர் பார்சல் எடுக்க வந்தார்.

ஆப்பில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு கேள்வி வரும். உரிமையாளரின் முகவரியையும் வரி எண்ணையும் சரிபார்க்கச் சொல்லும். ஒவ்வொரு வருடமும் அண்ணன், "அப்புறம்னு அமுக்கு" என்பார், அமுக்கிவிடுவேன். அந்த வருடம் அமுக்கவில்லை. உங்கள் வரி எண் அட்டையின் நகல் மேசையில்தான் இருந்தது. புது அறைக்குப் போனபோது நீங்கள் எனக்கு ரகசியமாகத் தெரிவித்த முகவரி மனப்பாடம். இரண்டையும் ஏற்றினேன். விவரம் வரி அலுவலகத்துக்கு அனுப்பப்படும் என்று வந்தது. சரி என்று அமுக்கினேன். நீங்கள் தேடி வருவீர்கள் என்று அன்றிலிருந்து உங்கள் தெருவுக்குப் போகும் பார்சலுக்காகக் காத்திருந்தேன்.

அண்ணன் மேல் நேராகப் புகார் கொடுத்திருக்கலாம். யார் என்னை நம்பியிருப்பார்கள்? மந்தம் என்று அவர் சொன்னால் முடிந்தது. உங்களுக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் நீங்கள் சும்மா இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். உங்கள் சம்பளத்துக்கே ஆபத்து வரும் என்றும் தெரிந்துதான் செய்தேன். அதை மறைக்கவில்லை.

ஒன்று மட்டும் ஆறவில்லை, அண்ணி. அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. "பாவம், உன்ன ஏமாத்திட்டா" என்று புடவை வாங்கிக் கொடுத்தார். கிளம்புகிற அன்று அவர் எதிரில் நின்று, "எல்லாத்தையும் அனுப்பினது நான்தான், யாரும் சொல்லிக் குடுக்கலை" என்றேன். "போ போ, ஆமைக்கு வாய் முளைச்சிருக்கு" என்று சிரித்துவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். புடவையை அவர் நாற்காலியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்களுக்குக் கோபம் இருக்கும். எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஜூலை 27

அன்புள்ள குட்டிக்கு,

உடம்பு நலம். மனம் இரண்டு மூன்று நாள் சரியில்லாமல் இருந்து, இப்போது தேவலை. அதனால்தான் உடனே எழுதவில்லை.

கோபம் இருந்ததா என்றால், இருந்தது. என்னைக் கேட்காமல் என் பெயரை எடுத்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரே வீடு. நான் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். நீ ஒன்றும் செய்யாதே, பயந்தால் கிழித்துப் போடு என்றெல்லாம் எவ்வளவு பெருந்தன்மையாக எழுதியிருக்கிறேன். அதையெல்லாம் நீ எந்த முகத்தோடு படித்திருப்பாய் என்று நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. உன் அண்ணனைப் போலவே நானும் உன்னை அப்பாவி என்று முடிவு கட்டியிருக்கிறேன். அவர் சிரித்தார், நான் பரிதாபப்பட்டேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதன் பிறகு, அந்தப் பாதி இழுத்த டேப் என் கைக்கு வந்துவிட்டது. எதைச் செய்தாலும் அதைப் பிடித்துக்கொண்டே நிற்கிற மாதிரி இருந்தது. கோபம் உன் மேல் இருந்து நகர்ந்து, இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

உன்னை மன்னித்தேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். அது உனக்கும் வேண்டாம், எனக்கும் வராது. ஒரு ஏற்பாடு சொல்கிறேன். ஐந்து வருடக் கூலியை உன் பெயரில் கொடுக்கிறேன். மொத்தமாக முடியாது, விற்க விற்க. வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போடு. அதற்கு மேல், கடையில் சரிபாதி உனக்கு, உன் சொந்தப் பெயரில். அதிகாரி அம்மாளிடம் சொல்லி உனக்கு ஒரு வரி எண் வாங்க வேண்டும். உன் பங்குக்கு உள்ள வரியை நீதான் கட்டுவாய், என் தலையில் கட்டக் கூடாது. இனி நம் இருவர் பெயரையும் நம்மைக் கேட்காமல் யாரும் எழுதக் கூடாது, நாமும் சேர்த்துத்தான்.

வா. வரும்போது மணிக்கட்டுக்கு ஒரு பட்டை வாங்கிக்கொண்டு வா. கடைச் செலவில் எழுதிக்கொள்ளலாம். ரசீது மறக்காதே.

அன்புடன்,
அண்ணி


அக்டோபர் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நானும் அண்ணியும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

தங்கள் அலுவலக உதவியாளர் பெயரில் வந்த ஆர்டர் கிடைத்தது. அந்த அகல வாய்க் குக்கருக்கான கேஸ்கட்டைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்த அலுவலகத்தில் அந்தக் குக்கரை வைத்திருப்பவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். இப்போது தாங்களே சமைக்கிறீர்கள் என்று இதிலிருந்து தெரிந்துகொண்டேன். மூடியின் ஓரத்தைத் துடைத்துவிட்டு மாட்டவும், இல்லாவிட்டால் ஆவி கசியும்.

நான் கிளம்பிய அன்று சொன்னதைத் தாங்கள் நம்பவில்லை. ஆகவே எழுத்தில் தருகிறேன். அண்ணியின் முகவரியை ஏற்றியது நான். சரி என்று அமுக்கியது நான். ரசீதுகளைக் கசக்கி அனுப்பியது நான். மே மாதம் முழுக்கத் தங்கள் எதிரில் உட்கார்ந்து அலமாரியைக் கட்டி அனுப்பியதும் நான்தான். தாங்கள் ஒருநாள் இரண்டு பெட்டிகளை வாசல்வரை தூக்கிக்கூட உதவினீர்கள். அதற்கு நன்றி.

பழமொழியை அடிக்கடி சொல்வீர்கள். ஆமை போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று பழமொழியில் இல்லை. நேரம் கிடைத்தால் எழுதவும்.

பெட்டிக்குள் ரசீது வைத்திருக்கிறேன். வரியைத் தனியாகக் காட்டியிருக்கிறோம். ரசீதின் மேலே, கடை உரிமையாளர்கள் என்று போட்டிருக்கும் இடத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். முதல் பெயர் தங்களுக்குத் தெரிந்ததுதான், ஐந்து வருடம் தங்களுக்குச் சோறு போட்ட பெயர். இரண்டாவது பெயரைப் படியுங்கள். தாங்கள் என்னை அப்படிக் கூப்பிட்டுப் பல வருடம் ஆகிவிட்டதால் யாருடையது என்று சட்டென்று பிடிபடாமல் போகலாம்.

மெதுவாகப் படியுங்கள், அண்ணா. அவசரமே இல்லை.

இப்படிக்கு,
தங்கள் தங்கை